நாலு டப்பா சார்

ஹைதராபாத், சிகந்தராபாத் இரண்டையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒரு வெங்காயத் தோலைக் கையில் எடுத்து "இது இந்த வீட்டு வெங்காயம்" என்று சத்தியம் செய்யக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். எங்கள் பிளாக்கில் கீழ்வீட்டில் இருந்தார். அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். சம்பளச் சீட்டில் அதுதான் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் நேரில் 'சார்'. தலை மறைந்ததும் 'நாலு டப்பா'.

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு திருநெல்வேலியிலிருந்து நேரே இந்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வந்து இறங்கினேன். என் வீட்டுக்காரர் காலையில் ஃபேக்டரி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். எனக்குத் தெலுங்கு தெரியாது, ஹிந்தி தெரியாது. எதிர்வீட்டு ஆந்திரா அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. பார்த்தால் இருவரும் பல்லைக் காட்டிக்கொள்வோம். அதற்கு மேல் உறவு வளரவில்லை. பகல் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பேசப் போனால் குரல் கம்மிப்போய் வரும். ரேடியோவிடம் பேசிப் பார்த்தேன். அது தன் பாட்டுக்குச் செய்தி வாசித்தது. தனிமை எப்படி இருக்கும் என்று யாராவது கட்டுரை எழுதுவதாக இருந்தால் என்னிடம் வரலாம்.

அப்போதுதான் ஒருநாள் கதவு தட்டப்பட்டது. ஹைதராபாத்தில் என் கதவைத் தட்டிய முதல் ஆள். ஓடிப்போய்த் திறந்தேன். லுங்கியும், கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக ஒரு ஒல்லி மனிதர் நின்றிருந்தார். உள்ளங்கையில் ஒரு செய்தித்தாள் துண்டு. அதன்மேல், பிரசாதம் மாதிரி, மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை.

"மா, ரிஜெக்ட்" என்றார்.

"என்னது?"

"இது உங்க வீட்டுது. மஞ்சள் டப்பாவுல கெடந்துச்சு. மஞ்சள் காகிதத்துக்கு, சக்கை பச்சைக்கு. புதுசா வந்திருக்கீங்க, தெரியாது, பரவால்ல. எடுத்துக்குங்க."

"சக்கையத் திருப்பி வாங்கி நான் என்ன சார் செய்யட்டும்?"

"பச்சையில போடுங்க மா."

"பச்சை டப்பா உங்க காலடியிலதானே இருக்கு? நீங்களே போட்டிருக்கலாம்லா?"

"நக்கோ மா, வேணாம்! தப்பு எந்த செக்‌ஷன்ல நடந்துச்சோ அந்த செக்‌ஷன்தான் திருத்தணும். அதான் ரூல்."

நான் சக்கையை வாங்கினேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, பச்சை டப்பாவில் போட்டேன். பெரிய வேலை முடிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். கதவைச் சாத்திய பிறகு எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக்குள் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். சார் தொழிற்சாலையில் ஸ்கிராப் யார்டில் வேலை பார்த்தார். அங்கே செம்புக்கு ஒரு பீப்பாய், அலுமினியத்துக்கு ஒரு பீப்பாய். தப்பான பீப்பாயில் ஒரு துண்டு விழுந்திருந்தால், அது எந்த செக்‌ஷனிலிருந்து வந்ததோ அங்கேயே 'ரிஜெக்ட்' என்று சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சட்டத்தை அப்படியே பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் மனிதர். எங்கள் பிளாக்கில் மாடிக்கு மாடி படிமுனையில் நாலு எண்ணெய் டின். காகிதத்துக்கு மஞ்சள். தகரம், கண்ணாடிக்கு நீலம். தோல், சக்கை, சோற்றுக்குப் பச்சை. இந்த மூன்றிலும் சேராததற்குச் சிவப்பு. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் அவரே பிரித்து எடுத்துப் போவார். பச்சை, பின்பக்கக் குழிக்குப் போய் உரமாகும். அதில் பூசணிக்கொடி ஓடும். பூசணிக்காய் வீடு வீடாக வரும். மஞ்சளும் நீலமும் பழைய சாமான் வாங்கும் கபாடி வண்டிக்காரருக்குப் போகும். அதில் கிடைத்ததை வைத்து மாடிப்படிக்கு பல்பு வாங்கிப் போடுவார்.

சிவப்பைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. "சிவப்பு நிறைஞ்சா எனக்கு மனசே கெட்டுப்போயிடுது மா. எதுக்குமே ஆகாதுன்னு ஒரு சாமானைச் சொல்றதுக்கு நாம யாரு?" என்பார். ஒரு தடவை கார்பன் தாள் காகிதமா இல்லையா என்று மேல்வீட்டு டிசைன் ஆபீஸ் இன்ஜினியரோடு படியில் நின்று ஒரு மாலை முழுக்க விவாதம் நடத்தினார். இருவர் விரலும் கறுத்ததுதான் மிச்சம். கடைசியில் அதைச் சிவப்பில் போட்டபோது சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இழவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்.

ஒரு படிமுனைக்கு இரண்டு வீடு. அதில் எந்த வீட்டுக் குப்பை என்று எப்படிக் கண்டுபிடிப்பார் என்கிறீர்களா? அங்கேதான் சாரின் கெட்டிக்காரத்தனம். சின்ன வெங்காயத் தோல் என்றால் நான். நான் சாம்பாருக்கும் சரி, சட்னிக்கும் சரி, மோண்டா மார்க்கெட்டில் தேடி வாங்கிய சின்ன வெங்காயம் தவிர வேறு தொடமாட்டேன். பெரிய வெங்காயம் எனக்கு வெங்காயமே இல்லை. கோங்குரா, அதாவது புளிச்சகீரைத் தண்டு என்றால் எதிர்வீட்டு அம்மாள். எங்கள் பற்பசைக் குழாயை ஒருதரம் திருப்பிக் கொண்டுவந்து, "டப்பா கரெக்ட் மா. ஆனா உள்ள இன்னும் பேஸ்ட் இருக்கு" என்றார். என் வீட்டுக்காரருக்கு மூக்கு விடைத்துவிட்டது. "இந்த ஆளு நம்ம பல்லையும் எண்ணுவான் போலிருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தட்டமாட்டார். கோட்டுப் போட்டுக்கொண்டு சிகந்தராபாத்துக்கு சர்ச்சுக்குப் போய்விடுவார். மூன்று தலைமுறையாக அங்கேயே இருந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டுக்கும் கேக் வரும். மறுநாளே கேக் சுற்றிய தாளோடு ஆளும் வருவார். "காகிதம்தான் மா, ஒத்துக்கறேன். ஆனா நெய் ஏறியிருக்கே? மஞ்சள்ல போட்டா மத்ததெல்லாம் கெட்டுப்போகும்." கொடுத்தவரும் அவரே, ரிஜெக்ட் செய்தவரும் அவரே.

அவர் மனைவி குவார்ட்டர்ஸுக்கு வந்த வருஷமே தவறிவிட்டார். பிள்ளை இல்லை. லோத்குண்டாவில் ஒரு தங்கை. அவ்வளவுதான் அவருக்கு மனுஷர். எனக்குப் பாவமாக இருக்கும். "சார், ஒருநாள் சும்மா வீட்டுக்கு வாங்க, காபி சாப்பிட்டுப் போகலாம்" என்று கூப்பிடுவேன். திடுக்கிட்டுப்போவார்.

"சும்மா எப்படி மா வர்றது? ஒரு காரணம் வேணாமா?"

வாசல்படியை அவர் தாண்டியதே இல்லை. குப்பை இருந்தால் வாசல் வரை. குப்பை இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் பயிற்சிக்காக பெங்களூருக்குப் போனார். சின்னப் பயிற்சி இல்லை, மாசக்கணக்கில். ஒரு ஆளுக்கு என்ன சமையல் வேண்டிக்கிடக்கிறது என்று நான் ரொட்டியும் டீயுமாக ஓட்டினேன். குளிப்பதுகூடச் சில நாள் மத்தியானத்துக்கு மேல்தான். ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சார், பச்சை டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"பாருங்க மா" என்று டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். "உங்க தோல் ஒண்ணுகூட இல்ல. நேத்தும் இல்ல, முந்தாநாளும் இல்ல."

"இல்லாட்டி நல்லதுதானே சார்? உங்களுக்கு வேலை மிச்சம்."

"குப்பை இல்லன்னா வீட்டுல அடுப்பு எரியலன்னு அர்த்தம். கைக்கு மா, ஏன்? உடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஒரு ஆளுக்கு எதுக்கு சார் பொங்கிக்கிட்டு..."

அவர் டப்பாவைக் கீழே வைத்தார்.

"ஒரு ஆளுக்குச் சமைக்கறது கஷ்டம்தான் மா. எனக்குத் தெரியாதா? ஆனா சமைக்காம இருந்து பழகிடாதீங்க. பழகிட்டா அப்பறம் விடாது."

அவர் போன பிறகு ஒரு மூச்சு அழுதேன். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெங்காயம் உரித்தேன். மறுநாள் சாயங்காலம் படிமுனையிலிருந்து "வந்துடுச்சு மா!" என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், பச்சை டப்பாவிலிருந்து என் வெங்காயத் தோலை எடுத்து லாட்டரிச் சீட்டு மாதிரி உயர்த்திக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

இப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் ஒரு முட்டை ஓட்டால் கெட்ட காலம் வந்தது.

மேல்மாடியில் எங்கள் நலச் சங்கத்தின் செகரட்டரி இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். காலையும் மாலையும் பூஜை. வீட்டில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. ஒருநாள் அவர் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். கேசரி, பஜ்ஜி, பட்டுப்புடவை எல்லாம் தயார். பெண் நமஸ்காரம் செய்து நிமிர்கிறாள். டொக் டொக்.

செகரட்டரியே கதவைத் திறந்தார். சாரின் உள்ளங்கையில் செய்தித்தாள். அதன்மேல் முட்டை ஓடு.

"ரிஜெக்ட் சார். முட்டை ஓடு பச்சைக்கு. நீங்க மஞ்சள்ல போட்டிருக்கீங்க."

"இது எங்காத்துது இல்லை!"

"உங்களுதுதான் சார். எதிர்வீடு லீவுல பூட்டிக் கெடக்கு. வேற யாரு?" என்றவர், உள்ளே இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், தைரியம் சொல்லுகிற மாதிரி, "பரவால்ல சார், எல்லாரும் செய்ற தப்புதான்" என்றார்.

பெண் தலைக்குத் தேய்த்துக்கொள்ள யாரிடமோ முட்டை வாங்கியிருக்கிறாள். முடி பளபளப்பாக இருக்குமாம். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்கள் ஏற்கெனவே பம்பாயில் ஒரு இடத்தை முடித்துக்கொண்டுதான் ஒப்புக்கு இங்கே வந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குப் பழி முழுக்க முட்டை ஓட்டின் தலையில் விழுந்தது.

அடுத்த வாரமே சங்கக் கூட்டம். ஒருவர் வீட்டுக் குப்பையை இன்னொருவர் தொடக் கூடாது, அதற்காக யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது என்று தீர்மானம். ஆளாளுக்கு ஒரு ரிஜெக்ட்டாவது வாங்கி வயிறு எரிந்திருந்தவர்கள், கையைத் தூக்கினார்கள். சார் எழுந்து நின்று, "ஹவ் சார். சரி சார்" என்றார். பிறகு, "மாடிப்படி பல்பு?" என்று கேட்டார். அதற்குள் எல்லோரும் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துத் தன் வீட்டு வராந்தாவில் அடுக்கிவிட்டார். எல்லோரும் தெருக்கோடி சிமெண்ட் தொட்டியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினோம். கபாடிக்காரர் நனைந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். தெருப் பன்றிகளுக்குத்தான் கொண்டாட்டம். படிப் பல்பு அணைந்தது. புதிதாகப் போட ஆளில்லை.

சார் மட்டும் எப்போதும்போல பஸ்ஸை விட்டு இறங்கி, லுங்கிக்கு மாறி, இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே வந்து நிற்பார். கைப்பிடியில் ஒரு கை. மேலே பார்ப்பார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விடுவார். குப்பை பிரிக்கிற ஆளுக்குச் சட்டைக்குக் கஞ்சி எதற்கு என்று நாங்கள் அவரைக் கேலி செய்ததுண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டை குப்பைக்காக இல்லை. நாலு வீட்டு வாசலில் போய் நிற்பதற்காக. குப்பையைப் பறித்தபோது அவர் கதவைத் தட்ட வைத்திருந்த ஒரே காரணத்தைப் பறித்துவிட்டோம்.

"சார், சும்மா வாங்களேன்" என்று மாடியிலிருந்து கூப்பிட்டேன்.

"வர்றேன் மா, வர்றேன்" என்றார். வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் செகரட்டரி வீட்டு மாமி என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஏண்டிம்மா, அந்த மனுஷர் வராம எனக்கு என்னமோ போல இருக்கு. எங்காத்துல சாப்பிட்டுட்டு எழுந்து போவாளே தவிர, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுவாளோ? அவர்தான் தோலைப் பாத்துட்டு, 'மாமி, கத்திரிக்கா நல்ல பிஞ்சு போலருக்கே'ம்பார்."

"தீர்மானம் போட்டது உங்க வீட்டுக்காரருதானே மாமி?"

"கதவைத் தட்டப்படாதுன்னுதானே போட்டார்? டப்பா வெக்கப்படாதுன்னா போட்டார்?"

மாமி லேசுப்பட்டவர் இல்லை. நேரே கீழே போய், பருப்பு கொட்டிவைக்க வேண்டும் என்று சொல்லி சாரிடமே நாலு டின்னை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாலும் மேல்மாடிப் படிமுனையில் பழையபடி உட்கார்ந்தன. பிறகு மறுபடி என்னிடம் வந்தார்.

"உன்கிட்ட முட்டை ஓடு இருக்கா?"

அந்த வார்த்தையை மாமியின் வாயால் கேட்க நான் கொடுத்துவைத்திருந்தேன். உடனே ஆம்லெட் போட்டேன். அன்றைக்கு என்ன விசேஷம் என்று, பெங்களூரிலிருந்து திரும்பியிருந்த என் வீட்டுக்காரருக்குக் கடைசிவரை புரியவில்லை.

சாயங்காலம் பஸ் வந்தது. சார் வந்து படியடியில் நின்றார். மேலே பார்த்தார். கைப்பிடிச் சுவருக்கு மேலே மஞ்சள் டப்பாவின் தலை. அதன்மேல், ஊருக்கே தெரிகிற மாதிரி, வெள்ளைவெளேரென்று முட்டை ஓடு. விறுவிறுவென்று ஏறினார். பிளாக் முழுக்கக் கதவிடுக்கில் கண். சட்டைப்பையிலிருந்து மடித்த செய்தித்தாள் துண்டை எடுத்தார். அத்தனை நாளும் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்திருக்கிறார் மனிதர்! ஓட்டை அதில் வைத்துக்கொண்டு செகரட்டரி வீட்டு வாசலுக்குப் போனார். கையை ஓங்கினார். தீர்மானம் நினைவுக்கு வந்துவிட்டது. கை அந்தரத்தில் நின்றது. தட்டவும் இல்லை, திரும்பவும் இல்லை. "தட்டித் தொலையுமேன்" என்று கீழே நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து மாமியின் குரல். "வாசல்ல யாரோ நிக்கறா, பாருங்கோ."

செகரட்டரி கதவைத் திறந்தார். சாரைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார்.

"கதவைத் தட்டப்படாதுன்னு தீர்மானம் இருக்கு, தெரியுமோல்லியோ?"

"தட்டல சார். நின்னேன்."

சட்டப்படி பாயிண்ட் சரி. செகரட்டரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டைக் கையில் வாங்கினார். வந்து பச்சை டப்பாவில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி, "பல்பு எப்போ போடுவேள்? நேத்திக்குக் கட்டைவிரலைப் பேத்துண்டுட்டேன்" என்றார்.

"நாளைக்கே சார்" என்றார் சார். மாமி கொடுத்த காபியை வாசலிலேயே நின்று குடித்தார்.

மற்ற டப்பாக்களும் அவரவர் படிமுனைக்குத் திரும்பின. அதற்குப் பிறகு எங்கள் பிளாக்கைப் போலக் குப்பை பிரிக்கத் தெரியாத பிளாக் உலகத்திலேயே கிடையாது. பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் தினம் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு தப்பு நடந்துவிடும். எதிர்வீட்டு அம்மாள் கோங்குராத் தண்டை நீலத்தில் போடுவார். இன்ஜினியர் உடைந்த பேனாவைப் பச்சையில் நட்டுவைப்பார். சார் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கித் தலையில் அடித்துக்கொள்வார். "இவ்ளோ படிச்சவங்க, ஒரு தண்டு எங்க போடறதுன்னு தெரியல. கைக்கு மா, கைக்கு?" அவர் சட்டையில் கஞ்சி இன்னும் விறைப்பாக ஏறியது.

சில வருஷங்களில் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் தங்கை வீட்டுக்கு லோத்குண்டா போவதாகச் சொன்னார்கள். கடைசி நாள் சாயங்காலம் என் கதவு தட்டப்பட்டது. அன்றைக்கு அவருக்குப் பலகாரம் செய்கிற மும்முரத்தில் தப்புச் செய்ய மறந்தே போயிருந்தேன். திறந்தால், கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். உள்ளங்கையில் செய்தித்தாள் துண்டு. அதன்மேல் அகலமாக, செக்கச்செவேலென்று, ஒரு பெரிய வெங்காயத் தோல்.

"ரிஜெக்ட் மா" என்றார். "உங்க வீட்டுதுதானே?"

நான் தோலைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுதுதான் சார். தப்பாப் போச்சு. உள்ள வாங்க."

அன்றைக்குத்தான் நிலைப்படியைத் தாண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காபியை ஆற்றி ஆற்றி வெகுநேரம் குடித்தார். பூசணிக்கொடிக்குத் தண்ணீர் விடச் சொன்னார், அவ்வளவுதான்.

இப்போது ஏ.எஸ்.ராவ் நகரில் ஃப்ளாட். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். மாநகராட்சி இரண்டு தொட்டி கொடுத்திருக்கிறது. ஈரத்துக்குப் பச்சை, உலர்ந்ததுக்கு நீலம். காலையில் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வரும். நாங்கள் எதில் எதைப் போட்டோம் என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை, எல்லாம் ஒன்றாகக் கவிழ்ந்து போகிறது. ஒரு ஆளுக்கானாலும் நான் சமைத்துவிடுகிறேன். அந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை. சின்ன வெங்காயம் உரிக்கிற அன்றைக்கு ஒரே ஒரு தோலை எடுத்து நீலத்தில் போட்டுவிட்டு, சாயங்காலம் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், வாங்க சார்.